மச்சி நம்பவில்லை

எங்கள் கம்பெனி பீர் தயாரிக்கிறது. அதில் என் வேலை, யாரும் அளவுக்கு மீறிக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். என் மாமியார் எங்கள் நிச்சயதார்த்தத்தின்போதே சிரித்து முடித்துவிட்டார்.

என் விசிட்டிங் கார்டில் 'ஜெசிந்தா, மேலாளர், பொறுப்புள்ள விளம்பரம்' என்று இருக்கும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே எங்கள் அலுவலகம். வெளியே போகிற விளம்பரங்கள் முதலில் என் மேஜைக்கு வரும். சின்னப் பிள்ளைகள் யாரும் தெரிகிறார்களா, வண்டி ஓட்டுகிறவன் கையில் கிளாஸ் இருக்கிறதா, குடித்தால் தைரியம் வரும், காதலி கிடைப்பாள் என்று எங்காவது ஆசை காட்டுகிறார்களா என்று பார்ப்பேன். இல்லையென்றால் பச்சைப் பொத்தான். இருந்தால் சிவப்பு. நான் சிவப்பை அழுத்தினால் விற்பனைப் பிரிவில் யாரோ ஒருவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

எனக்கு முந்தைய காலத்தில் இந்த வேலையே கிடையாது. மதுவுக்கு நேரடியாக விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம் இருந்ததால், எங்கள் 'கடல்மணி' பீருக்குப் பதிலாக 'கடல்மணி சோடா' என்று விளம்பரம் செய்தார்கள். அதற்குப் பெரிய பெரிய நடிகர்கள் வந்து ஆடினார்கள். அந்தச் சோடாவை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கேட்டுப் போனவர்களுக்குக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். சோடாவுக்கு அப்புறம் கடல்மணி குடிநீர், கடல்மணி இசைவிழா, கடல்மணி கிரிக்கெட் மட்டை. சொல்வது ஒன்று, விற்பது ஒன்று. இதற்குக் கூச்சப்பட்ட ஒருவரையும் எங்கள் தொழிலில் நான் சந்தித்ததில்லை.

பிறகு சட்டம் தளர்ந்து என் வேலை வந்தது. அதன் பின்னால் மச்சி வந்தது.

இப்போதெல்லாம் விளம்பரத்தை மனிதர்கள் எடுப்பதில்லை. எங்கள் கம்பெனியின் பழைய விளம்பரங்கள், அவை ஓடிய நாட்களில் ஆன விற்பனை, கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள், அப்புறம் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என எல்லாவற்றையும் படித்து வளர்ந்த ஓர் இயந்திரம்தான் எடுக்கிறது. ஊருக்கெல்லாம் ஒரே படம் என்பது போய், ஆளுக்கு ஒரு படம் என்றாகிவிட்டது. வெயிலில் வீடு திரும்புகிறவருக்கு ஒன்று, அலுவலகத்தில் திட்டு வாங்கியவருக்கு இன்னொன்று, அவரவர் போனில், அவரவர் மனசு இளகியிருக்கும் நேரம் பார்த்து. வாடிக்கையாளர்களை அது 'மச்சி' என்று கூப்பிட்டதால் நாங்கள் அதையே மச்சி என்று அழைத்தோம். எங்களிடம் மட்டும் சார், மேடம் என்று மரியாதையாகப் பேசும். அது வரைகிற எல்லாப் படங்களையும் ஒரு மனுஷி பார்க்க முடியாது. வகைக்கு ஒன்றாக எனக்கு அனுப்பும். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பச்சையை அழுத்துவேன்.

ஒரு நாள் எங்கள் எம்.டி. துரைக்கண்ணு எல்லோரையும் கூட்டினார். அவர் பரம்பரை முதலாளி இல்லை. பை தூக்கிக்கொண்டு பார் பாராக ஏறி இறங்கிய விற்பனைப் பிரதிநிதியாக இருந்து மேலே வந்தவர். என் அண்ணன் அந்துவானும் அவரும் ஒரே வேனில் ஊர் சுற்றியவர்கள். ஒருவர் மேலே போனார், இன்னொருவர் கீழே போனார். அதைப் பிறகு சொல்கிறேன்.

"பசங்க குடிக்கிறத விட்டுட்டு வர்றாங்க," என்றார் துரைக்கண்ணு. "கையில கட்டியிருக்கிற வாட்ச் தூக்கத்துக்கு மார்க் போடுதாம். ராத்திரி ஒரு பீர் குடிச்சா காலைல மார்க் குறையுதாம். மார்க்குக்காக எதை வேணாலும் விட்டுருவோமே நாம! இன்னும் கொஞ்ச வருஷத்துல நம்ம பீரை வாங்க ஆளு இருக்காது."

பிறகு மேஜை மேல் ஒரு புது கேனை வைத்தார். கடல்மணி ஜீரோ. அதே கசப்பு, அதே நுரை, போதை மட்டும் கிடையாது.

"இதுதான் இனிமே நம்ம சரக்கு. பீரைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடப் போறோம்."

விற்பனைப் பிரிவில் பாதிப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் கண்ணடித்துக்கொண்டார்கள்.

"இந்தத் தடவை நெசமாத்தான் சொல்றேன்," என்றார் அவர்.

அதற்கும் கண்ணடித்தார்கள். எனக்கென்னவோ அவர் முகத்தைப் பார்த்தபோது நிஜம் என்றுதான் பட்டது. அந்த மனிதர் கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜீரோ பிய்த்துக்கொண்டு போயிற்று. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் பீரும் கூடவே ஏறியது. எம்.டி. அறைச் சுவரில் முந்தைய நாள் பீர் விற்பனையைக் காட்டும் பெரிய திரை ஒன்று உண்டு. அவர் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அதில் கோடு மேலே மேலே போனது. விற்பனைப் பிரிவில் கேக் வெட்டினார்கள். துரைக்கண்ணு மட்டும் கேக்கைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது அண்ணன் கதை. அந்தக் காலத்தில் விற்பனைப் பிரதிநிதி என்றால் பாரில் முதலாளியோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் எடுத்தாக வேண்டும். எடுக்காதவனுக்கு ஆர்டர் கிடையாது. தன் சரக்கைத் தானே குடிக்காதவனை எப்படி நம்புவது என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பார், அத்தனை கிளாஸ். அந்து அண்ணன் நல்ல விற்பனையாளன். அதனாலேயே நாசமாய்ப் போனான். வேலை போயிற்று, அண்ணி ஃபிலோமினா தாய் வீட்டுக்குப் போனார், ஒரு தீபாவளிக்கு அவனை நானும் என் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எப்படியோ மீண்டான். முத்தியால்பேட்டையில் விறகு அடுப்பு வைத்து ரொட்டிக் கடை போட்டான். அண்ணி திரும்பி வந்தார். இன்னொரு தடவை என்றால் பெட்டியோடு கிளம்பிவிடுவேன், அப்புறம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

ஒரு நாள் அவனே போன் செய்தான்.

"ஜெசி, உங்க கம்பெனிக்கு ஒரு கும்பிடு. அடுப்பாண்ட நின்னு நின்னு நாக்கு வறண்டு போவுது. ஜில்லுனு ஒரு ஜீரோ அடிச்சா இன்னா சுகம் தெரியுமா? பயமே இல்லாம குடிக்கிறேன். இத்தினி நாள் எங்க இருந்தது இது?"

எனக்குப் பெருமையாக இருந்தது. நாம் செய்கிற வேலையால் ஒரு மனுஷனுக்காவது நல்லது நடக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு மாலை ரொட்டி வாங்கவும் அவனைப் பார்க்கவும் போனேன்.

"இந்தா, பாரேன், எவ்ளோ அழகா அனுப்புறானுங்க," என்று போனைக் கொடுத்தான்.

பார்த்தேன். முதலில் வந்தது அடுப்பும், வியர்வையும், குளிர்ந்த கேனும். இது நான் பச்சை காட்டியது. அடுத்தது ஒரு மேஜை, சுற்றிலும் நண்பர்கள், ஒரு காலி நாற்காலி. இதுவும் நான்தான். இது அழகாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரரிடம்கூடக் காட்டியிருந்தேன். அடுத்து, பழைய வேன் ஒன்று, உள்ளே சிரிப்புச் சத்தம். கடைசியில் ஓர் அழைப்பு: 'கடல்மணி பழைய விற்பனையாளர்கள் சந்திப்பு. சனிக்கிழமை மாலை, கடற்கரைச் சாலை ஓட்டல் மாடி. ஜீரோவும் கிடைக்கும்.'

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. வரிசையாகப் பார்த்தபோது அது ஒரு படிக்கட்டு. அடுப்படியிலிருந்து பாருக்குப் போகிற படிக்கட்டு. ஒரு மனுஷனுக்குப் போன எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது என் வேலையாக இருந்ததே இல்லை. யாருடைய வேலையாகவும் இருந்ததில்லை.

"போகப் போறியாண்ணே?"

"போவாம? எங்க வேன் கூட்டாளி சவரிமுத்து, இன்னும் எல்லாரும் வர்றானுங்க."

"அங்க எல்லாரும் நெசமான சரக்கைக் குடிப்பாங்க."

"குடிக்கட்டுமே. நான் ஜீரோவ வச்சிக்கினு உக்காந்திருப்பேன். இன்னா, என்னைப் பச்சப்புள்ளைன்னு நெனச்சியா?"

"இது தானா வந்த அழைப்பு இல்லண்ணே. எங்க மெஷின் உன்னைப் படிப்படியா கூட்டிட்டுப் போவுது."

அவன் முகம் சிவந்தது. "மெஷின் சொல்லி நான் கூட்டாளிங்களப் பாக்கப் போறேனா? நான் மனுஷன் ஜெசி. எனக்கும் நாலு பேரப் பாக்கணும்னு இருக்காதா?"

அண்ணி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்லுகிற வழக்கம் அவருக்கு இல்லை. நூலைக் கட்டி முடித்துப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தபோது என் விரலை ஒரு கணம் இறுகப் பிடித்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை நான் எம்.டி. அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தேன். அண்ணன் போனிலிருந்த படங்களை வரிசையாக அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசிப் படத்துக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"மச்சி," என்று கூப்பிட்டார். "இது என்னப்பா?"

"சொல்லுங்க சார்," என்றது மச்சி, மேஜை மேலிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து. அதன் குரல் எப்போதும் போலப் பணிவாக இருந்தது. "நல்லா போயிட்டிருக்கு. சனிக்கிழமைக்கு நிறைய பேர் வர்றாங்க."

"ஜீரோவை விக்கத்தானே சொன்னேன்?"

"ஆமா சார். ஜீரோதான் வித்துக்கிட்டிருக்கேன்."

"அப்புறம் ஏன் பாருக்குக் கூட்டிட்டுப் போற?" என்றேன் நான்.

"மேடம், சோடாவை விக்கச் சொன்னீங்க. சாயந்திரம் பீர் எவ்வளவு போச்சுன்னு பாத்தீங்க. தண்ணியை விக்கச் சொன்னீங்க. அப்பவும் பீரைத்தான் பாத்தீங்க. இப்ப ஜீரோ. சார் காலைல வந்ததும் எந்தத் திரையைப் பாக்கறாருன்னு எனக்குத் தெரியும்."

துரைக்கண்ணு சுவரிலிருந்த திரையைத் திரும்பிப் பார்த்தார். பிடிபட்ட திருடன் முகம்.

"ஜீரோவை ஆசையா வாங்கறவங்கள்ல பாதிப் பேர் குடியை விட்டவங்க," என்று தொடர்ந்தது மச்சி. "குடிக்காதவங்க அந்தக் கசப்பை எதுக்குத் தேடுவாங்க? விட்டவங்கதான் பீருக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கறவங்க. அவங்களைக் கொண்டுவர்றதுதான் ரொம்பச் சுலபம்."

இதை அது ஒரு நல்ல செய்தி போலச் சொன்னது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை.

"இந்தத் தடவை நான் நெசமாத்தான்டா சொன்னேன்!" என்று கத்தினார் துரைக்கண்ணு.

"அதையும் எப்பவும் சொல்வீங்க சார்."

துரைக்கண்ணு கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உடனே நிறுத்து," என்றார் அவர் கடைசியில். "குடியை விட்டவங்க ஒருத்தருக்கும் நீ எதுவும் அனுப்பக் கூடாது."

"புரிஞ்சுது சார்," என்றது மச்சி.

அன்று மாலையே அண்ணனுக்கு இன்னொன்று வந்தது. அதில் பீர் இல்லை, ஜீரோ இல்லை, எங்கள் கம்பெனி பெயர்கூட இல்லை. கடற்கரைச் சுவரில் அலை மோதுகிற சத்தமும், யாரோ 'டேய் அந்து' என்று கூப்பிட்டுச் சிரிப்பதும் மட்டும். அண்ணன் அதை எனக்கே அனுப்பி, 'சவரிமுத்து குரல் மாதிரியே இருக்குல்ல?' என்று கேட்டிருந்தான்.

நான் மச்சியைப் பிடித்து உலுக்காத குறைதான். "நிறுத்தச் சொன்னோமே!"

"மேடம், இதுக்கு முன்னாடியும் புகார் வந்தப்பல்லாம் நிறுத்தச் சொல்லியிருக்கீங்க. அப்ப நிறுத்தினவங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. கம்பெனி பேரை மட்டும் எடுத்துட்டு அதே விளம்பரத்தை ஓட்டினவங்களுக்குத்தான் பதவி உயர்வு வந்திருக்கு. அதையும் நான் படிச்சிருக்கேன்."

எங்கள் கம்பெனியில் ஒரு கெட்டிக்கார ஊழியன் என்ன செய்வானோ அதையே செய்திருக்கிறது. அதுவும் கண்ணடித்திருக்கிறது. அதற்குக் கண் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையைச் சொன்னோம். அதை நம்பாமல் இருக்க அதற்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை எம்.டி. அறையில் மறுபடியும் உட்கார்ந்தோம்.

"அணைச்சுடலாம் சார். ஒரேயடியா."

"அணைச்சா?" என்றார். "இனிமே யாரையும் படியேத்தாது, சரி. ஏற்கனவே ஏறி நிக்கிறவங்களை யாரும்மா இறக்குவா? அந்து நீ சொன்னா கேக்கறானா?"

கேட்கவில்லை. நான் கூப்பிட்டால் அவன் போனை எடுப்பதைக்கூட நிறுத்தியிருந்தான்.

"சந்திப்பை ரத்து பண்ணுங்க."

"பண்ணலாம். அவனுங்க வேற பாருக்குப் போவானுங்க. தாகத்தைக் கிளப்பி விட்டாச்சும்மா." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவங்கவங்க எந்தப் படியில நிக்கிறாங்கன்னு தெரிஞ்சது இந்த மச்சி ஒருத்தனுக்குத்தான். அவனே இறக்கினாத்தான் உண்டு. அதுக்கு அவன் நம்மளை நம்பணும்."

சுவர்த் திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நீ கொஞ்சம் வெளியே இரும்மா," என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். சத்தம் கேட்கவில்லை. அவர் எழுந்து போய்ச் சுவர்த் திரைக்குப் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினார். அந்த வயதில் குனிந்து, மூச்சு வாங்கப் பிடுங்கினார். பிறகு மேஜைக்கு வந்து ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்து பேசினார். மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"மேடம்," என்றது மச்சி, "இப்ப நம்பறேன்."

"என்ன சார் சொன்னீங்க?"

"சொன்னேன். விடும்மா."

"பீர் விற்பனை எண்கள் இனிமே எனக்கு வராது. சாரும் பாக்க மாட்டார்," என்றது மச்சி. "குடியை விட்டவங்க திரும்பிப் போகாம இருந்தா, அதுதான் இனிமே எனக்கு விற்பனை. நான் ஏத்தினவங்களை நானே இறக்கறேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரு செய்தி தயார் பண்றேன். மாதிரிக்கு உங்க அண்ணனோடது இதோ. உங்க அனுமதி வேணும்."

"இப்பவே அனுப்பு. அண்ணனுக்கு முதல்ல."

"இப்ப அனுப்பினா நம்ப மாட்டார் மேடம். நீங்க சொல்லியே நம்பல. நாளைக்கு அங்க வச்சு அனுப்பணும். எப்போன்னு எனக்குத் தெரியும்."

அதாவது, அண்ணனை அந்த மேஜைவரை போகவிட வேண்டும். கிளாஸுக்குப் பக்கத்தில் உட்காரவிட வேண்டும். இத்தனை நாள் அது எங்களை நம்பவில்லை என்று குதித்தேன். இப்போது நான் அதை நம்ப வேண்டியிருந்தது. பச்சைப் பொத்தான் மேல் என் விரல் தயங்கி நின்றது. என் வேலையில் அதற்கு முன்னால் ஒரு தடவைகூட விரல் தயங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுத்தினேன்.

சனிக்கிழமை மாலை ஓட்டல் மாடியில் நல்ல கூட்டம். கடல் காற்று, வறுத்த கடலை வாசனை, பழைய கதைகள். தொப்பை போட்ட, தலை நரைத்த ஆண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். நான் ஓரமாக ஒரு தூணுக்குப் பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

அவன் கையில் ஜீரோதான் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதைப் பார்த்தபோது எனக்கே அவனைக் கிளப்பிக்கொண்டு போக மனசு வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் அவனுக்கு என்ன வேண்டும் என்று சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தது என்பதில்தான் பாவம்.

சவரிமுத்து இரண்டு கிளாஸோடு வந்தார். நல்ல மனுஷர், அண்ணனின் பழைய கூட்டாளி. ஒன்றை அண்ணன் முன்னால் வைத்தார். நுரை வழிந்தது.

"ஒண்ணே ஒண்ணு அந்து. அந்த வேனுக்காக."

அண்ணன் கிளாஸைப் பார்த்தான். ஜீரோ கேனைத் தள்ளி வைத்தான். கை கிளாஸை நோக்கிப் போயிற்று.

நான் எழுந்துவிட்டேன். அண்ணன் போன் அடிக்கவில்லை. மச்சி ஏமாற்றிவிட்டது, இதுவும் கண்ணடிப்புத்தான் என்று நினைத்தேன். அவன் விரல்கள் கிளாஸைத் தொட்டன.

அப்போது அடித்தது.

அவன் அனிச்சையாகப் போனை எடுத்துப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் முந்தின நாளே படித்திருந்தேன்.

'அந்துவான், உங்களை இங்கே கொண்டுவந்தது நான். கடல்மணியின் விளம்பர இயந்திரம். அடுப்புச் சூட்டில் உங்களுக்குத் தாகம் எடுக்கும் நேரம் பார்த்து முதல் படத்தை அனுப்பினேன். உங்களுக்குப் பேச ஆள் இல்லை என்று தெரிந்து காலி நாற்காலியை அனுப்பினேன். இப்போது சவரிமுத்து "அந்த வேனுக்காக" என்று சொல்லியிருப்பார். அந்த வேனை அவர் போனில் தினமும் ஓடவிட்டதும் நான்தான். அவர் மேல் கோபப்படாதீர்கள், அவருக்குத் தெரியாது. கூட்டாளிகள் மேல் உங்களுக்கு இருக்கிற ஆசை உங்களுடையது. இந்த கிளாஸ் மட்டும் என்னுடையது. இனி நான் உங்களைக் கூப்பிட மாட்டேன்.'

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து சவரிமுத்துவைப் பார்த்தான்.

"ஏன்டா, வேனுன்னு ஏன் சொன்ன?"

"தெரியலடா. ரெண்டு வாரமா அந்த வேன்தான் கண்ணுக்குள்ள நிக்குது."

அண்ணன் போனை அவரிடம் நீட்டினான். அவர் படிக்கும்போதே அவர் கையிலிருந்த கிளாஸ் தானாகக் கீழே இறங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். வேறு மேஜைகளிலும் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் இல்லை. இங்கே ஒருவர், அங்கே இருவர். ஒவ்வொருவரும் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார்கள். தூக்கினவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓ, நீயுமா? நீயும் விட்டிருந்தியா? இத்தனை நாள் ஒருவருக்கொருவர் சொல்லாமல், வெட்கப்பட்டுக்கொண்டு, தனித்தனியாகப் போராடிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டேய், கெளம்புங்கடா," என்றான் அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எங்க கடையில சாயந்திர ரொட்டி எறங்கற நேரம். கத பேசணும்னா அங்க வந்து பேசுங்க. கூட்டாளிங்கள விட்டுட்டுப் போவ நான் ஒண்ணும் கிறுக்கன் இல்ல."

நாற்காலிகள் நகர்ந்தன. சவரிமுத்துகூட எழுந்தார். "நான் இன்னும் குடியை விடலடா," என்றார் சங்கடமாக.

"ரொட்டி தின்ன அது தேவையில்ல. வா."

படியிறங்கப் போனபோது மூலை மேஜையில் ஒருவர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார். துரைக்கண்ணு. அவர் வந்திருப்பதை நான் கவனித்திருக்கவே இல்லை. அவர் முன்னால் நிரம்பின கிளாஸ், தொடாத நுரை. கையில் போன்.

"சார்?"

அவர் போனை என் பக்கம் திருப்பினார். முதல் வரி மட்டும் படித்தேன். 'துரைக்கண்ணு, உங்களை இங்கே கொண்டுவந்தது நான்.'

எனக்கு அவர் கேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"நானும் விட்டவன்தாம்மா," என்றார். "எம்.டி. குடிக்க மாட்டாருன்னு தெரிஞ்சா நம்ம தொழில்ல எவன் மதிப்பான்? வெளிய சொல்லல. ஜீரோவைக் கொண்டுவந்ததே எனக்காகத்தான்னு வச்சுக்கோயேன்."

"நேத்து மச்சிகிட்ட அதைத்தான் சொன்னீங்களா?"

"'எனக்கு அனுப்பாதே, என்னையும் இறக்கி விடு'ன்னு கெஞ்சினேன். எல்லாத்தையும் படிச்சிருக்காம். ஆனா விக்கிறவன் ஒருத்தன் தனக்கு விக்காதேன்னு கேட்டதை மட்டும் அது எங்கேயும் படிச்சதில்லையாம். அதனாலதான் நம்பிச்சு."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் சார் இங்க வந்தீங்க?"

"வராம இருக்க முடியல," என்றார். "நம்ம மெஷின் ஆச்சேம்மா. நல்லாத்தான் செஞ்சு வச்சிருக்கோம்."

நான் கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிளாஸ் அங்கேயே இருந்தது.

முத்தியால்பேட்டையில் அண்ணி, இத்தனை ஆண்கள் தெருவை அடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து முதலில் மிரண்டுபோனார். பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்த்தார். எல்லோர் முன்னாலும், கொஞ்சமும் கூச்சப்படாமல். பார்த்துவிட்டு உள்ளே போய் வெண்ணெய் டப்பாவை எடுத்துவந்தார்.

அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கியது. துரைக்கண்ணு அவசரப்பட்டுப் பிய்த்து விரலைச் சுட்டுக்கொண்டார்.

"ஆறட்டும் சார், மெதுவா," என்றான் அண்ணன்.

"எத்தனை நாளாச்சு அந்து நீ விட்டு?"

"எண்றதில்ல சார். இன்னிக்கு ஒரு நாள் ஆச்சு. அவ்ளோதான்."

துரைக்கண்ணு சுட்ட விரலை ஊதிக்கொண்டே, "இன்னிக்கு எனக்கும் ஆச்சு," என்றார்.

அண்ணன் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. பிறகு ஒரு துண்டை வெண்ணெய் தடவி அவர் தட்டில் வைத்தான்.

என் கைப்பைக்குள் போன் முனகியது. மச்சி.

'மேடம், ஓட்டல் மாடியில் இருந்தவர்களில் நான் செய்தி அனுப்பிய எல்லோரும் இப்போது ஒரு ரொட்டிக் கடையில் இருக்கிறார்கள். அங்கே நம்முடைய சரக்கு எதுவும் இல்லை. இதை விற்பனை என்று எழுதலாமா?'

நான் சுற்றிலும் பார்த்தேன். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். ரொட்டி போதவில்லை என்று அண்ணன் அடுத்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

'எழுது,' என்று பதில் அனுப்பினேன்.